எண்ணிக்கை சரி என்று சொல்வதற்கு முன்

சிறைக்காவலர் வேலை என்னவென்று கேட்டால், எண்ணுவது என்பேன். விடியற்காலையில் கதவு திறக்கும்போது எண்ண வேண்டும். சாப்பாட்டு வரிசையில் எண்ண வேண்டும். தறிக்கூடத்துக்கும் தச்சுக்கூடத்துக்கும் ஆள் அனுப்பும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை. மாலை லாக்கப் நேரத்தில் பிளாக் பிளாக்காக எண்ணி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், கோர்ட்டுக்குப் போனவர், பரோலில் இருப்பவர், அன்று புதிதாக வந்தவர், ஜாமீனில் போனவர் என எல்லோரையும் கூட்டிக் கழித்து, மெயின் கேட் பலகையில் உள்ள கணக்கோடு பொருத்த வேண்டும். ஒரு தலை இடித்தாலும் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கணக்கு ஒத்துவந்த பிறகுதான் ‘எண்ணிக்கை சரி’ என்ற சொல் கேட்டுக்குப் போகும். சிறையின் பகல் அந்தச் சொல்லோடு முடியும்.

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, துணை ஜெயிலராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு பிளாக்குகளில் கழிந்தது. குண்டுவெடிப்பு வழக்குக் கைதிகள், கூலிப்படைத் தலைவர்கள், ஆயுள் கைதிகள், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்கள் எனப் பலரையும் பூட்டியும் திறந்தும் வந்தேன். என்னைச் சந்திப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, “அங்கேயிருந்து எப்படி சார் தப்பிக்கிறாங்க?” என்பதுதான். சினிமா காட்டும் தப்பித்தல் சுவரிலிருந்து தொடங்கும். நான் படித்தறிந்த தப்பித்தல்களில் பெரும்பாலானவை காவலரின் பழக்கத்திலிருந்து தொடங்கின. ஒரு வேலையை நாள்தோறும் செய்து செய்து, செய்கிறோம் என்ற நினைப்பே அற்றுப்போன இடம் ஒன்று இருக்கும். கைதி அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அதற்கு அவரிடம் ஆண்டுக்கணக்கில் நேரம் இருக்கிறது.

எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அல்காட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து 1962 ஜூன் 11 இரவு பிராங்க் மோரிஸ், ஜான் ஆங்லின், கிளாரன்ஸ் ஆங்லின் மூவரும் வெளியேறினார்கள். அறையின் பின்சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தைச் சுற்றிக் கரண்டிகளாலும், துப்புரவு இயந்திரத்தின் மோட்டாரில் செய்த துளைக்கருவியாலும் மாதக்கணக்கில் குடைந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மழைக்கோட்டுகளை ஒட்டித் தெப்பமும் மிதவைச் சட்டைகளும் செய்துகொண்டார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களை உறுத்துவது இவை எதுவும் அல்ல. படுக்கையில் அவர்கள் விட்டுச்சென்ற தலைகள்தான். சோப்பு, சிமென்ட் தூள், கழிவறைக் காகிதம் ஆகியவற்றைப் பிசைந்து செய்து, சிறை முடிதிருத்தகத்திலிருந்து சேகரித்த உண்மையான தலைமுடியை ஒட்டி வைத்திருந்தார்கள். அன்றிரவு காவலர்கள் முறைப்படி எண்ணினார்கள். எண்ணிக்கையும் சரியாகவே வந்தது. விடிந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த மூவரும் கரை சேர்ந்தார்களா, கடலில் மூழ்கினார்களா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பாடம் திரும்ப வந்தது. நியூயார்க் மாநிலத்தின் கிளின்டன் சிறையிலிருந்து 2015 ஜூன் 6 அதிகாலை ரிச்சர்ட் மாட், டேவிட் ஸ்வெட் இருவரும் தப்பினார்கள். கொலைக் கைதிகளான அவர்கள் அறையின் பின்புற இரும்புத் தகட்டை அறுத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த குழாய்ச் சந்து வழியாக ஸ்வெட் பல வாரங்கள் இரவுதோறும் கீழே இறங்கிப் பாதை தேடியிருக்கிறார். குளிர்காலம் முடிந்து நீராவிக் குழாய் ஆறியதும் அதை வெட்டி உள்ளே நுழைந்து, வெளியே தெருவில் ஒரு பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து எழுந்தார்கள். இரவில் உயிருள்ள உடம்பைப் பார்த்து எண்ண வேண்டும் என்ற விதி அங்கும் இருந்தது. அந்த விதி பின்பற்றப்படவில்லை என்று மாநிலத்தின் தலைமை ஆய்வாளர் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை சொன்னது.

நான் சேர்ந்த புதிதில் இரவு பாராவுக்கு என்னை அழைத்துச் சென்ற தலைமைக் காவலர் ஒருவர் அப்போதே இதைச் சொல்லியிருந்தார். “தம்பி, போர்வையை எண்ணாதே. தோலைப் பாரு, மூச்சைப் பாரு. ரெண்டும் தெரியலேன்னா கூப்பிடு, எழுப்பு. திட்டுவான், பரவாயில்லை.” ஒரே நேரத்தில், ஒரே வழியில் ரவுண்டு போகக் கூடாது என்றும் சொல்லித்தந்தார். “உன் பூட்ஸ் சத்தத்துக்கு உள்ளே ஒருத்தன் கணக்கு வெச்சிருப்பான். நீ மறுபடி வர எவ்வளவு நேரம் ஆகும்னு உன்னைவிட அவனுக்கு நல்லாத் தெரியும்.” அவர் அல்காட்ராஸைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை. கைதிகளின் நடுவே நடந்து நடந்து கற்ற அறிவு அது.

கம்பி தட்டுவதையும் அவரிடம்தான் கற்றேன். ஒவ்வொரு அறையின் சன்னல் கம்பியையும் கதவுக் கம்பியையும் தடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். முழுக் கம்பிக்கு ஒரு நாதம், அறுபட்ட கம்பிக்கு வேறு நாதம். சந்தையில் பானையைத் தட்டி வாங்கும் பெண்களுக்குக் கீறல் காதில் கேட்பதுபோல் அது நமக்குக் கேட்க வேண்டும். அறுத்த வெட்டைச் சோப்பும் துருவும் குழைத்து மூடியிருந்தால் கண் ஏமாந்துவிடும், காது ஏமாறாது. ஆனால் தட்டுகிறவர் பேசிக்கொண்டே தட்டினால், தடி மட்டும்தான் வேலை செய்கிறது.

பூட்டு, சாவி பற்றிப் பேசும்போது எனக்குத் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா சிறை நினைவுக்கு வரும். உலகில் நடந்த சிறைத் தப்பித்தல்களில் காவல் தொழிலில் உள்ளவர்கள் மிக ஊன்றிப் படிக்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம். நிறவெறி அரசை எதிர்த்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்காகத் துண்டறிக்கைகளைச் சிதறவிடும் குண்டுகள் வைத்த வெள்ளை இளைஞர்கள் டிம் ஜென்கின், ஸ்டீபன் லீ. 1978-இல் ஜென்கினுக்கு 12 ஆண்டும் லீக்கு 8 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த அலெக்ஸ் மூம்பாரிஸ் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வந்த நாளிலிருந்தே ஜென்கின் செய்தது ஒரே வேலைதான். காவலரின் இடுப்பில் தொங்கும் சாவியைப் பார்த்தார். பார்த்துப் பார்த்து அதன் பற்களின் அளவை மனத்தில் வாங்கிக்கொண்டார். பூட்டின் உள்ளளவைக் கண்டறிந்து அதோடு ஒப்பிட்டார். சிறையின் தச்சுக்கூடத்திலேயே, மரத்தில் சாவி செய்தார்.

முதல் சாவி அவருடைய அறையின் உட்கதவுக்கு. வெளிக்கதவு இரும்புத் தகடு. அதற்கு உட்பக்கம் சாவித்துளையே கிடையாது. துடைப்பக் கழியின் முனையில் திருகுக் கை ஒன்றைப் பொருத்தி, அறையிலிருந்து நடைபாதையை நோக்கியிருந்த சன்னல் வழியாக நீட்டி, வெளியே இருந்த பூட்டை உள்ளேயிருந்தபடியே திறந்தார். பிறகு அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. ஒவ்வொரு சாவியையும் இரவில் சோதித்துப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு உறங்கப் போவார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இது நடந்தது. 1979 டிசம்பர் 11 மாலை, வேறு உடை மாற்றிக்கொண்டு மூவரும் புறப்பட்டார்கள். படுக்கையில் துணிப் பொம்மைகளைக் கிடத்தினார்கள். ரிவோனியா வழக்கில் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்ற டெனிஸ் கோல்ட்பெர்க், தான் போகாமல் பின்தங்கி, இரவுக் காவலரின் கவனத்தைத் திருப்பினார். தெருவை அடையப் பத்துக் கதவுகள். கடைசிக் கதவுக்குக் கையிலிருந்த எந்தச் சாவியும் பொருந்தவில்லை. நிலையைச் செதுக்கித் திறந்தார்கள். மூவரும் நாட்டை விட்டே வெளியேறிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். மரச்சாவியால் இத்தனை கதவுகளைத் திறந்திருக்க முடியும் என்று சிறை நிர்வாகத்தால் நம்ப முடியவில்லை. உள்ளேயிருந்து யாரோ திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, காவலர் ஒருவர்மீதே வழக்குப் போட்டார்கள். அவர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். குற்றம் ஒரு மனிதரிடம் இல்லை. சாவியை எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பில் ஆட்டிக்கொண்டு நடப்பது அந்தச் சிறையின் வழக்கமாக இருந்தது. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

பிரிட்டோரியாவை உலகம் மறந்திருக்கவில்லை. ஜென்கின் 1987-இல் அதைப் புத்தகமாகவே எழுதியிருந்தார். அப்படியிருந்தும் 1995 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து மூன்று கைதிகள் அதே வழியில் வெளியே வந்தார்கள். சாவியையும் ஏணியையும் சிறைப் பட்டறையிலேயே செய்திருந்தார்கள். தீவை விட்டு வெளியேற வழி தெரியாமல் சில நாள் சுற்றி, பிடிபட்டார்கள். எங்கள் சிறை விதிகளில் ஏணி, மூங்கில், கயிறு எதையும் வெளியில் விடக் கூடாது, பட்டறைக் கருவிகளைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ண வேண்டும், சாவிக்கொத்தைக் கைதியின் கையில் ஒரு நொடியும் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் நுணுக்கமாக எழுதியிருப்பது இப்படிப்பட்ட தப்பித்தல்களைத் தடுக்கத்தான். புதிதாக வரும் காவலர்களுக்கு அந்த விதிகள் பழங்காலத்துக் கெடுபிடியாகத் தோன்றும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எங்கோ ஒரு சிறையில் யாரோ தப்பிய கதை இருக்கிறது என்று நான் பயிற்சியில் சொல்வேன். காரணம் தெரிந்தால்தான் விதியை மதிப்பார்கள்.

கம்பியும் பூட்டும் எவ்வளவு திடமாக இருந்தாலும் அவற்றைக் கடக்க வேறொரு வழி உண்டு. அது மனிதர்கள் வழியாகப் போகிறது. வட அயர்லாந்தின் மேஸ் சிறையை ஐரோப்பாவிலேயே தப்ப முடியாத சிறை என்றார்கள். 1983 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்து ஐரிஷ் குடியரசுப் படைக் கைதிகள் 38 பேர் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். கடத்திக்கொண்டு வந்த துப்பாக்கிகளால் ஏழாம் எண் எச் பிளாக்கைக் கைப்பற்றி, உணவு கொண்டுவந்த லாரியிலேயே மெயின் கேட்வரை போனார்கள். அங்கே நடந்த மோதலில் கத்திக்குத்துக்கு ஆளான ஒரு சிறை அலுவலர் உயிரிழந்தார். அந்த நாளுக்கு முந்தைய மாதங்களில் அந்தக் கைதிகள் மிக ஒழுங்காக நடந்துகொண்டார்கள். தகராறு செய்யவில்லை. சொன்ன வேலையைச் செய்து, ஆர்டர்லி என்ற பெயரில் பிளாக்குக்குள் சுதந்திரமாக நடமாடும் நிலையைப் பெற்றார்கள். காவலர்களுக்கும் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் அவர்கள் கருவியாகப் பயன்படுத்தினார்கள்.

கிளின்டன் சிறையில் தையற்கூடத்தின் மேற்பார்வையாளராக இருந்த பெண், உறைந்த மாட்டிறைச்சிக்குள் அறுக்கும் கருவிகளை மறைத்து அனுப்பினார். அந்த இறைச்சியை ஒரு காவலர் சோதனைக் கருவியில் காட்டாமல் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். டெல்லி திகார் சிறையில் 1986 மார்ச் 16 அன்று தொடர் கொலையாளி சார்லஸ் சோப்ராஜ் பிறந்தநாள் கொண்டாட்டம் என்று சொல்லி, மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்து, கேட்டைத் திறந்துகொண்டு நடந்து போனார். அடுத்த மாதமே கோவாவில் ஓர் உணவகத்தில் பிடிபட்டார். நம் சென்னையில் கொலை வழக்குக் கைதி ஆட்டோ சங்கர் 1990 ஆகஸ்டில் மத்தியச் சிறையிலிருந்து தப்பினார். ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவருக்கு உதவியதற்காகச் சிறை வார்டர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம், பணத்துக்கு விலைபோனவர்கள் என்று மக்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விலை பேசும் நாள் ஒன்று தனியாக வருவதில்லை என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் நான். முதலில் ஒரு விசாரிப்பு வரும்: “ஐயா, பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, இப்போ எப்படி இருக்கு?” பிறகு ஒரு கடிதம்; மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வந்த அம்மாவிடம் சேர்த்துவிடச் சொல்வார். அதில் ஒன்றுமே இருக்காது. அடுத்து ஒரு கட்டு பீடி. அதற்கடுத்து ஒரு போன் பேச்சு. சின்ன விதியை ஒருமுறை மீறிய காவலரிடம் இரண்டாவது மீறலைக் கேட்கும்போது கைதியின் குரல் மாறியிருக்கும். அப்போது கேட்பது உதவியாக இருக்காது, மிரட்டலாக இருக்கும். அந்த இளைஞர் மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்ல ஒரு வழி இருந்திருந்தால், பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கும். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்தான் அவரை மேலும் ஆழத்துக்குத் தள்ளுகிறது. முதல் கடிதத்தைப் பற்றித் தானாக வந்து சொல்கிற காவலரைத் தண்டிக்கக் கூடாது, பாராட்ட வேண்டும் என்று நான் பணியில் இருந்தவரை வாதாடினேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

மெயின் கேட்டிலும் தப்பும் வழி மனிதரின் பழக்கம்தான். 2016 நவம்பர் 27 அன்று பஞ்சாபின் நாபா சிறைக்குப் போலீஸ் உடையில் ஒரு கூட்டம் வந்தது. கைதியை ஒப்படைக்க வந்திருப்பதாகச் சொன்னார்கள், கேட் திறந்தது. ஆறு பேர் தப்பினார்கள். காக்கிச் சட்டையைக் கண்டதும் சாவி தானாகத் திரும்பியது. வாரன்ட்டைப் பார்க்க வேண்டும், வழிக்காவல் படையின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், போன் போட்டு உறுதி செய்ய வேண்டும். இதைக் கேட்டால் சில அதிகாரிகளுக்குக் கோபம் வரும். வரட்டும். கேட்டில் நிற்பவருக்குக் கோபத்தைத் தாங்கும் தைரியம்தான் முதல் தகுதி.

மண்ணுக்கடியில் போனவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலின் அனுபவம் முழுமை பெறாது. எங்களில் பலர் பயிற்சி பெற்றது வேலூரில், சிறை நிர்வாகப் பயிற்சிக் கழகத்தில். அதே ஊரின் கோட்டைக்குள், திப்பு மகாலில் இருந்த சிறப்பு முகாமிலிருந்து 1995 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். அது சிறைத்துறையின் சிறை அல்ல, முகாம். ஆனாலும் அகழியும் கருங்கல் மதிலும் சூழ்ந்த கோட்டை. அத்தனை கனமான கற்களையும் மேலே விட்டுவிட்டு, அடியிலிருந்த மண் வழியாகப் போனார்கள். மெக்சிகோவின் அல்டிப்ளானோ சிறையிலிருந்து 2015 ஜூலை 11 அன்று போதைப்பொருள் கும்பல் தலைவர் ஹோகின் குஸ்மான் தப்பியபோது, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் சுரங்கத்தை அவருடைய ஆட்கள் வெளியிலிருந்து தோண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே விளக்கும் காற்றுக் குழாயும் தண்டவாளத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளும் இருந்தன. சுரங்கம் வந்து திறந்த இடம், அறைக்குள் குளியல் மூலை. கேமராவின் பார்வை படாத இடம் அது. 2021 செப்டம்பரில் இஸ்ரேலின் கில்போவா சிறையில் ஆறு பாலஸ்தீனக் கைதிகள் கழிவறைத் தளத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் இறங்கி, மதிலுக்கு வெளியே காவல் கோபுரத்தின் அருகிலேயே ஏறினார்கள். இரண்டே வாரத்தில் ஆறு பேரும் பிடிபட்டார்கள்.

சுரங்கம் தோண்டுகிறவர் மண்ணை மறைத்தாக வேண்டும். அதை எங்கே போடுவார்? சாக்கடையில் கரைப்பார், தோட்டத்தில் தூவுவார், கழிவறைத் தொட்டியில் தள்ளுவார். சாக்கடை அடைத்துக்கொண்டால் பிளம்பரைக் கூப்பிடுவது சிறையில் போதாது. ஏன் அடைத்தது என்று கேட்க வேண்டும். வழக்கமாக ஒரு வாளியில் குளிப்பவர் மூன்று வாளி கேட்டால் கவனிக்க வேண்டும். அழுக்கே படாத வேலையில் இருப்பவர் தினமும் துணி துவைத்தால் கவனிக்க வேண்டும். ஓர் அறையில் எப்போதும் பாட்டோ கூட்டுப் பிரார்த்தனையோ ஒரே நேரத்தில் உரக்கக் கேட்டால், அந்த ஓசைக்கு அடியில் வேறு ஓசை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் கேமரா பதிவு செய்யும். பதிவானதற்குப் பொருள் சொல்ல, அந்த பிளாக்கின் வழக்கம் தெரிந்த மனிதர் வேண்டும்.

அந்த மனிதரைத்தான் நான் சிறையின் உண்மையான பாதுகாப்பு என்று நம்புகிறேன். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2015-இல் வெளியிட்ட கையேடு இதை டைனமிக் செக்யூரிட்டி என்கிறது. காவலர் கைதிகளோடு பேச வேண்டும், அவர்களை அறிய வேண்டும், அவர்களின் நாள் பயனுள்ளதாகக் கழிய வேண்டும். அப்போது தப்பும் எண்ணம் எங்கே முளைக்கிறது என்று முன்கூட்டியே தெரியும் என்பது அதன் சாரம். இந்தச் சொல் எங்களுக்கு வந்துசேர்வதற்கு முன்பே நல்ல காவலர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஜாமீன் மனு தள்ளுபடியான நாள், மனைவி மனு பார்க்க வருவதை நிறுத்திய மாதம், பரோல் மறுக்கப்பட்டு வீட்டில் சாவு நடந்த வாரம், இணை குற்றவாளி அப்ரூவரான செய்தி வந்த மாலை. இந்த நேரங்களில்தான் மனிதர் எதையும் செய்யத் துணிவார். சுவரைத் தாண்டவும் துணிவார், தன் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிவார். இரண்டையும் தடுப்பது ஒரே வேலைதான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “என்னய்யா, ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலியா?” என்று கேட்பது.

நான் அறிந்த ஓர் இளம் விசாரணைக் கைதி, வழிக்காவலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஓடிவிடத் திட்டமிட்டிருந்தார். அதை எங்களிடம் வந்து சொன்னவர் அதே அறையில் இருந்த வயதான ஆயுள் கைதி. காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவர் வரவில்லை. “ஓடினா சுட்டுருவாங்க ஐயா. அம்மாவுக்கு ஒத்தைப் பிள்ளை” என்றார். அந்த இளைஞரைத் தனி அறையில் தள்ளாமல், அவருடைய அம்மாவை வரவழைத்துப் பேச வைத்தோம். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் ஜாமீனுக்கு மறுபடி மனுப் போட்டோம். பின்னாளில் அவர் முறையாக வெளியே போனார். அந்த ஆயுள் கைதி எங்களை நம்பாமல் இருந்திருந்தால் எந்தக் கேமராவும் எங்களுக்கு இதைச் சொல்லியிருக்காது.

கடுமை கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பவர்களுக்கு சோப்ராஜின் கதையையே மீண்டும் சொல்வேன். திகாரில் அவரை நீண்ட காலம் இரும்பு விலங்கிட்டு வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கையும் தனிச்சிறைக்கு எதிரான சுனில் பத்ராவின் வழக்கையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. கைதி சிறைக்குள் போனதும் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று சொன்ன அந்தத் தீர்ப்பை எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பின்னர் சோப்ராஜ் தப்பியதற்கு விலங்கு அகன்றது காரணமாகாது. உபசரிப்பை மறுக்கத் தெரியாத பழக்கம்தான் காரணம். காலில் இரும்பு பூட்டிவிட்டால் காவலருக்குக் கண் வேலை குறைந்துவிடுகிறது. இரும்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் மனிதரைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்.

ஆனால் மனிதரைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் கொள்ளளவைப்போல் 131 சதவீதம் பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். தமிழ்நாட்டில் நெரிசல் அந்த அளவுக்கு இல்லை என்பது ஆறுதல். நெரிசலான பிளாக்கில் ஒரே காவலர் எத்தனை முகங்களை நினைவில் வைப்பார்? யார் சாப்பிடவில்லை, யார் தூங்கவில்லை என்று எப்படி அறிவார்? இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு நிற்கும் காவலரின் கண் திறந்திருக்கும், பார்க்காது. ஜாமீன் தொகை கட்ட முடியாததால் மட்டும் உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் நியாயம். உண்மையாகவே கவனிக்க வேண்டிய கைதிமீது காவலரின் கண் பதிய அதுவே வழியும் ஆகும்.

கைதி தப்பினால் நம் நாட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாராவில் இருந்த காவலர் அன்றே சஸ்பெண்ட். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 224-ஆம் பிரிவு தப்பியவருக்கு, 223-ஆம் பிரிவு கவனக்குறைவால் தப்பவிட்ட அரசு ஊழியருக்கு. இரண்டுக்கும் உச்சத் தண்டனை இரண்டாண்டு. ஜெர்மனியில் வன்முறையோ சேதமோ இல்லாமல் ஒருவர் தப்பினால், தப்பியதற்காக மட்டும் தண்டிப்பதில்லை. விடுதலையை விரும்புவது மனித இயல்பு என்று அங்கே கருதுகிறார்கள். இங்கே சட்டத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த எண்ணத்தில் உள்ள உண்மையைக் காவலர் ஏற்க வேண்டும் என்கிறேன். உள்ளே இருப்பவர் வெளியே போக நினைப்பார். அது துரோகமாகாது. அதை எதிர்பார்த்து விழித்திருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1966-இல் லண்டன் வார்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையிலிருந்து உளவாளி ஜார்ஜ் பிளேக் தப்பியபோது, மவுண்ட்பேட்டன் பிரபு விசாரித்து அறிக்கை வெளியிட்டார். கைதிகளை ஆபத்தின் அளவுக்கேற்ப நான்கு வகையாகப் பிரிக்கும் முறை அதிலிருந்து வந்தது. மேஸ் சிறைக்கு ஹென்னசி அறிக்கை, கிளின்டன் சிறைக்குத் தலைமை ஆய்வாளர் அறிக்கை. எங்கே கதவு திறந்திருந்தது, யார் எண்ணவில்லை, ஏன் எண்ணவில்லை, எத்தனை நாளாக எண்ணவில்லை என்று பொதுமக்களே படிக்கும்படி எழுதினார்கள். அந்த அறிக்கைகள் வழியாகத்தான் அந்த நாடுகளின் சிறைகளைப் பற்றி நான் இவ்வளவு அறிய முடிந்தது. நம் நாட்டுச் சிறைகளில் நடந்தவற்றைப் பற்றி நாளிதழில் வந்ததைத் தவிர அதிகம் அறிய முடியவில்லை. நம் விசாரணை அறிக்கைகளும் பெயர்களை நீக்கி, காரணங்களை விரிவாக எழுதி, பயிற்சிக் கழகங்களில் பாடமாக வர வேண்டும். ஒருவரைச் சஸ்பெண்ட் செய்து, மதிலை இன்னும் சில அடி உயர்த்தி, கோப்பை மூடிவிட்டால், தப்பிய வழி அடுத்த சிறையில் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அங்கேயும் ஒரு கைதி பொறுமையாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை நம் இளம் காவலர்களுக்குக் கொடுக்க வேண்டும். இன்று மாலை லாக்கப்பில் நிற்கப்போகும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் அந்த அறிவைப் பெற உரிமை இருக்கிறது.